அடித்து எழுதிய சொல்

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தபால்காரர் வந்து கூப்பிட்டபோது ஞானாபரணம் வீட்டுக்குப் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஆனி மாதக் காற்று. காரமடையில் அந்த மாதத்தில் துணி உலர்த்துவதென்றால் பாதி நேரம் துணியைத் துரத்திக்கொண்டு ஓடுவதுதான். கணவாய்ப் பக்கமிருந்து வரும் காற்று வாழைத் தோப்புகளைக் கிழித்துவிட்டு, கறிவேப்பிலைக் காடுகளைப் படுக்கவைத்துவிட்டு, வீட்டுக் கொடிகளில் வந்து விழுந்து புரளும். கிளிப் போட்டும் ஒரு பாவாடை பறந்து வேலியில் சிக்கியிருந்தது. அதை எடுக்காமலே வாசலுக்கு வந்தாள்.

"ஸ்பீடு போஸ்டுங்க அம்மணி. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

உறையின் மூலையில் மில்லின் முத்திரை. இருபத்தைந்து வருடமாக அடையாள அட்டையில் பார்த்துப் பழகிய முத்திரைதான். ஆனால் அது தபாலில் வீட்டுக்கு வந்தது இதுவே முதல் முறை. உள்ளே ஆங்கிலத்தில் இரண்டு தாள். மிஷன் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள் என்பதால் எழுத்துக் கூட்டத் தெரியும். தன் பெயரைக் கண்டுபிடித்தாள். தன் டோக்கன் எண்ணைக் கண்டுபிடித்தாள். நடுவில் ஒரு சொல் மட்டும் தடித்த எழுத்தில், மேற்கோள் குறிக்குள் இருந்தது. அதைப் படிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டாள்.

மகள் ஜெனிஷா மத்தியானம்தான் வந்தாள். மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில டீச்சர். சனிக்கிழமை அரை நாள் பள்ளி. பையைக் கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தாள்.

"என்ன கண்ணு எழுதியிருக்கறாங்க?"

"இருங்கம்மா."

"உம் மூஞ்சியே செரியில்லையே. சொல்லு."

"வேலையிலிருந்து நிறுத்தி வெச்சிருக்கறாங்கம்மா. விசாரணை முடியற வரைக்கும் மில்லுக்குள்ள வரக்கூடாதாமா. புதன்கெழம விசாரணை."

"நிறுத்தற அளவுக்கு நான் என்ன பண்ணுனேன்?"

"நாம குடுத்த மனுவுல ஒரு வார்த்தை இருக்குதாமா. அது நிர்வாகத்தைக் கேவலப்படுத்தற வார்த்தையாமா. பதினாலு பேரு கையெழுத்துல மொதக் கையெழுத்து உங்களுது. அதனால உங்க மேல நடவடிக்கை."

"என்ன வார்த்தை அது?"

ஜெனிஷா தாளைப் பார்த்தபடியே சொன்னாள். "டிராக்கோனியன்."

காற்றில் பின்கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. இரண்டு பேரும் திடுக்கிட்டார்கள்.

*

அந்த நூல் மில் காரமடைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஊரார் அதை ராஜுலு மில் என்பார்கள். முதலாளி சுந்தரராஜுலுவுக்கு எண்பது வயது. வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே அசல் கொங்குத் தமிழ். இரண்டு வருடமாகப் பேரன் பவன் பார்த்துக்கொள்கிறான். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன். கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை. குடிக்க நல்ல தண்ணீருக்கு இயந்திரம் வைத்தான். மாதம் ஒரு முறை டாக்டரை வரவழைத்தான். சித்திரை பிறந்ததும் எல்லாப் பிரிவிலும் ஆங்கிலத்தில் அச்சடித்த ஓர் அட்டவணையைக் கண்ணாடித்தாள் போட்டு ஒட்டினான்.

ஒரு ஷிப்டுக்கு இரண்டு முறைதான் கழிப்பறை. முறைக்கு ஆறு நிமிடம். ஸ்பின்னிங் பிரிவில் நாற்பது பெண்களுக்கு இரண்டு சிவப்பு அட்டை. அட்டை கையில் இருந்தால்தான் போகலாம். இரண்டும் வெளியே இருந்தால் காத்திருக்க வேண்டும். ஆறு நிமிடம் தாண்டினால் அரை நாள் ஆப்சென்ட். ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் அதேதான். தலையில் தொப்பி சரிந்திருந்தாலும், மிஷினுக்குப் பக்கத்தில் தூங்கி வழிந்தாலும், எதிர்த்துப் பேசினாலும் அதேதான். எதுவானாலும் மூன்றாவது முறை ஒரு வாரம் வேலை கிடையாது.

கழிப்பறையோ நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவைத் தாண்டி மறு கோடியில் இருந்தது. போக இரண்டு நிமிடம், வர இரண்டு நிமிடம். நடுவில் மீதி இருப்பது எவ்வளவு என்று எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். புது இயந்திரத்தின் நல்ல தண்ணீர் அப்படியே இருந்தது.

பழனாத்தாளுக்குச் சர்க்கரை. வெள்ளியங்காட்டுக்காரி, நாற்பத்து நான்கு வயது, ஞானாபரணத்துக்கு அடுத்த நூற்பு ஃபிரேம். அறுந்த நூலை எடுத்து ஒட்டுவதில் அவளுக்கு இணையான கை அந்தப் பிரிவில் கிடையாது. வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பத்தரை மணி வாக்கில் அவள் சூப்பர்வைசரிடம் போய் நின்றதை ஞானாபரணம் பார்த்தாள். இரண்டு அட்டையும் வெளியே இருந்தன. "வரட்டும், இரு" என்றான். திரும்பி வந்து ஃபிரேமில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போனாள். மறுபடி வந்தாள். அப்புறம் போகவில்லை.

பதினோரு மணிக்கு ஞானாபரணம் கண்ணில் பட்டது அவள் சேலையின் அடிப்பக்கம். ஊதா நிறம் கறுத்து, காலோடு ஒட்டிக்கிடந்தது. பழனாத்தாள் முகத்தைத் திருப்பாமல் நூல் ஒட்டிக்கொண்டிருந்தாள். வெளியே போக வேண்டுமென்றால் நாற்பது பேரைத் தாண்டி நடக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஷிப்டு முடிகிறவரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஞானாபரணம் தன் ஏப்ரனைக் கழற்றி அவள் இடுப்பில் பின்பக்கமாகக் கட்டிவிட்டாள்.

அந்த வாரம்தான் மனு எழுதுவதென்று முடிவானது. முதலில் தமிழில் எழுதினார்கள். மனிதவள மேலாளர் வடக்கேயிருந்து வந்தவர். ஆங்கிலத்தில் கொடுங்கள் என்று திருப்பி அனுப்பினார். ஜெனிஷா ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எழுதினாள். பழனாத்தாளுக்கு நடந்ததை மட்டும் எழுதக்கூடாது என்று ஞானாபரணம் சொல்லியிருந்தாள். அதை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தால் மனு வெறுமையாக இருந்தது. ஆறு நிமிடம், இரண்டு அட்டை, அவ்வளவுதான். படிக்கிறவனுக்கு அதில் சுடுவதற்கு எதுவும் இல்லை. அதனால்தான் மூன்றாவது வரியில் ஜெனிஷா அந்தப் பெரிய சொல்லைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இதென்ன கண்ணு வார்த்தை, வாயிலயே நொளையாது போல?" என்று ஞானாபரணம் அன்றைக்குக் கேட்டாள்.

"நெம்பக் கடுமையானதுன்னு அர்த்தம்மா. சட்டதிட்டம் இந்த மாதிரி இருந்தா அப்படிச் சொல்லுவாங்க."

"அப்பச் செரி" என்று கையெழுத்துப் போட்டாள்.

*

கணவர் ஆசீர்வாதம் மதுக்கரையில் சிமென்ட் லாரி ஓட்டுகிறவர். சனிக்கிழமை இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து திங்கட்கிழமை விடியக் கிளம்பிவிடுவார். தலைமுடியிலும் புருவத்திலும் சிமென்ட் படிந்திருக்கும். அன்று குளித்து முடித்துச் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் ஞானாபரணம் விஷயத்தைச் சொன்னாள். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"உனக்கு இந்த வேலை வேணுமா வேண்டாமா ஞானம்?"

"வேணுங்க."

"அப்பறம் என்ன ரோசனை? புதன்கெழம போயி, எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க, புள்ளை எழுதிக் குடுத்துது, அர்த்தந் தெரியாமக் கையெழுத்துப் போட்டுட்டனுங்கன்னு சொல்லு. முடிஞ்சு போச்சு. இதுல பொய்யி என்ன இருக்குது?"

"நான் வேணும்னா வந்து சொல்றேம்ப்பா. தப்பு என்னுது" என்றாள் ஜெனிஷா.

"நீ ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம் அம்மிணி. படிச்ச புள்ளைங்கிற கெத்துல நீ ஒரு வார்த்தையப் போட்டுட்ட. உங்கொம்மா பொளப்புல விழுந்துது."

ஜெனிஷா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். ஆசீர்வாதத்துக்கே அது அதிகமாகப் பட்டிருக்க வேண்டும். கொள்ளு ரசத்தை ஊற்றிக்கொண்டே, "கோவத்துல சொல்லிப்போட்டேன். போயிக் கூப்புடு அவளை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்தார்கள். திங்கட்கிழமை அவர் போய்விட்டார். ஞானாபரணத்துக்கு வீட்டில் இருக்கத் தெரியவில்லை. முதல் ஷிப்டுக்காரி. நாலரைக்கு உடம்பு தானாக எழுந்துகொண்டது. டிபன் டப்பாவைக் கழுவி எடுத்த பிறகுதான் இன்றைக்கு அது வேண்டாம் என்று நினைவு வந்தது. கூட்டிய வாசலை மறுபடி கூட்டினாள். காற்று மறுபடி குப்பையைக் கொண்டுவந்து போட்டது. ஐந்தரை மணிக்கு மில் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டு, அவளுக்காக அரை நிமிடம் நிற்காமலே போனது.

சாயங்காலம் ஜெனிஷா வந்ததும் கேட்டாள்.

"கண்ணு, அந்த வார்த்தைக்கு முழு அர்த்தம் சொல்லு. அன்னைக்குச் சொன்னது பத்தாது. அது ரத்தங் குடிக்கற பேயோட பேருன்னு மில்லுல எல்லாரும் பேசிக்கறாங்களாமா. மொதலாளிகிட்டயும் அப்படித்தான் போயிச் சொல்லியிருக்கறாங்களாமா."

"அது இல்லம்மா. அந்தப் பேரு வேற, கேக்கறதுக்கு ஒரே மாதிரி இருக்கும். இது டிராக்கோன்னு ஒரு ஆளோட பேருலருந்து வந்துது. ஏதென்ஸ்னு ஒரு ஊருல, ரெண்டாயிரத்து அறுநூறு வருசத்துக்கு முன்னால மொத மொதல்லச் சட்டம் எழுதி வெச்சவன். முட்டைக்கோசு திருடுனாலும் சாவு. ஆளைக் கொன்னாலும் சாவு. சின்னத் தப்புக்கும் பெரிய தப்புக்கும் ஏன்யா ஒரே தண்டனைன்னு கேட்டாங்களாமா. சின்னத் தப்புக்கே சாவு செரிதான், பெரிய தப்புக்கு அதுக்கு மேல ஒண்ணும் கிடைக்கலைன்னானாமா."

ஞானாபரணம் ஒவ்வொரு விரலாக மடக்கினாள். "தொப்பி சரிஞ்சாலும் அரை நாளு. ஒண்ணுக்குப் போயி ஏழு நிமிசமானாலும் அரை நாளு. மிசின்ல தூங்குனாலும் அரை நாளு. அப்ப நீ செரியான வார்த்தைதான் கண்ணு போட்டிருக்கற."

"இல்லம்மா" என்றாள் ஜெனிஷா. "எனக்கு இந்தக் கதையெல்லாம் அன்னைக்குத் தெரியாது. தலையங்கத்துல அந்த வார்த்தையப் படிச்சிருந்தேன். பெருசா இருந்துச்சு. எழுதறப்ப எனக்கே என்னமோ மாதிரி நல்லா இருந்துச்சு. அதான் போட்டேன். நோட்டீசு வந்ததுக்கப்பறம் உக்காந்து தேடித்தான் கதை தெரியும். எங்க ஸ்கூல் மேடம்கிட்டக் கேட்டேன். அரசாங்கம் போடற கொடுஞ்சட்டத்துக்குத்தான் அந்த வார்த்தைய எழுதுவாங்க, பாத்ரூம் அட்டைக்கு அது அதிகம்னாங்க."

"அவிய அந்த ஃபிரேமுல நின்னு பாத்தாங்களா?"

ஜெனிஷா நோட்டீசை மடித்து உறைக்குள் வைத்தாள்.

அடுத்த நாள் ஷிப்டு முடிந்து நேராகப் பழனாத்தாள் வந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. உள்ளே வரச் சொன்னதற்கு வாசற்படியிலேயே நின்றாள். காற்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது.

"நாளைக்குங்களா அக்கா விசாரணை?"

"ஆமா பழனா."

"என்ற பேச்சை எடுத்துப்போடாதீங்க. பையனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கறோம். மேட்டுப்பாளையத்துக்காரங்க. பொண்ணோட சித்தி நம்ம வைண்டிங்லதான் இருக்கறா. இது அங்க போச்சுன்னா, என்ற பையன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?"

"உம் பேரை எடுக்க மாட்டேன் பழனா. தைரியமாப் போ."

அவள் போகவில்லை. "எனக்காகத்தான் இத்தனையும் செஞ்சீங்க. நான் வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியலை பாருங்க" என்றாள். பிறகு விறுவிறுவென்று நடந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

*

விசாரணை மில் ஆபீஸின் மாடி அறையில் நடந்தது. விசாரணை அதிகாரியாகக் கோயம்புத்தூரிலிருந்து அப்துல் குத்தூஸ் என்ற வயதான வக்கீலை நியமித்திருந்தார்கள். தொழிலாளர் வழக்குகளில் முப்பது வருடம் பழம் தின்று கொட்டை போட்டவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, தடித்த கண்ணாடி, மேஜையில் பெரிய அகராதி ஒன்று. ஒரு பக்கம் பவனும் மனிதவள மேலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் ஞானாபரணம். மொழிபெயர்க்க ஜெனிஷா பக்கத்தில் இருக்கலாம், கேட்டால் மட்டும் பேச வேண்டும் என்று வக்கீல் அனுமதித்தார்.

ஆரம்பிக்கப் போகும் நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு சுந்தரராஜுலு வந்தார். அவர் வர வேண்டிய அவசியமே இல்லை. எல்லாரும் எழுந்தார்கள். பவன் நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

"உங்க பேரு ஞானாபரணம். இந்த மனுவுல மொதக் கையெழுத்து உங்களுதுதானா?" என்று வக்கீல் கேட்டார்.

"ஆமாங்க."

"மூணாவது வரியில ஒரு வார்த்தைக்கு அடியில கோடு போட்டிருக்கறேன். அதுக்கு என்ன அர்த்தம்னு..."

"ரத்தங் குடிக்கற பேயின்னு அர்த்தமாமா வக்கீலய்யா." முதலாளி இடையில் புகுந்தார். "எங்கப்பாரு இங்க பொட்டல் காட்டுல கெணறு வெட்டி, கல்லு சொமந்து இந்த மில்லைக் கட்டுனாரு. இந்த அம்மணி கல்யாணத்துக்கு நானே போயி வந்தவன். என்னையப் பேயின்னு எழுதறதுக்கு நான் யாரு ரத்தத்தைக் குடிச்சேன்? அதைக் கேட்டுப்போட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

வக்கீல் அகராதியைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார். "அது இல்லைங்கய்யா. யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லியிருக்கறாங்க. மிகக் கடுமையான, கொடுமையானன்னு போட்டிருக்குது. விதிகளைப் பத்திச் சொல்ற வார்த்தை. ஆளைப் பத்தி இல்லை."

முதலாளி பேரனைப் பார்த்தார். "ஏமிரா?"

"நான் அப்படிச் சொல்லலை தாத்தா. ஆபீஸ்ல பேசிக்கிட்டது." பவன் முகம் சிவந்திருந்தது. "எனக்கு அந்த வார்த்தை தெரியும் சார். தெரிஞ்சதனாலதான் கோவம். இவங்களுக்கு என்ன குறை வெச்சேன்? தண்ணி மிசின், டாக்டரு, காத்தாடி எல்லாம் செஞ்சேன். நூறு பேரு ஒவ்வொருத்தரும் பத்து நிமிசம் வெளிய நின்னா ஃபிரேம் என்ன ஆகும்? ஒரு ஒழுங்கு வேணும்னு போட்டதை, ஏதோ சர்வாதிகாரி மாதிரி எழுதியிருக்கறாங்க."

வக்கீல் ஒரு தாளை எடுத்தார். முன்கூட்டியே தட்டச்சு செய்திருந்தது. "நிர்வாகம் ஒரு வழி சொல்லுது அம்மா. கேளுங்க. ரெண்டே வரி. அந்தச் சொல்லின் பொருள் தெரியாமல் கையெழுத்திட்டேன், வருந்துகிறேன். இதுல கையெழுத்துப் போட்டா இந்த விசாரணை இத்தோட முடியுது. நாளைக்கே வேலைக்கு வரலாம்."

"அட்டை விசயத்தையும் நான் மறுபடி பாக்கறேன்" என்றான் பவன்.

ஞானாபரணம் தாளை வாங்கித் தமிழில் இருந்த இரண்டு வரிகளையும் படித்தாள். ஜெனிஷா அவளைப் பார்த்து, போடுங்கம்மா என்று கண்ணாலேயே கெஞ்சினாள். ஜன்னல் கண்ணாடி காற்றில் கடகடவென்று ஆடியது. கீழே ஃபிரேம்கள் ஓடும் இரைச்சல் தரை வழியாக அவள் உள்ளங்காலில் ஏறியது.

"வார்த்தைய எடுத்துப்போடறனுங்க" என்றாள். "வருத்தமுன்னும் எழுதித் தாரனுங்க. மொதலாளி மனசு நொந்துது எனக்கு வருத்தந்தானுங்க. ஆனா அர்த்தந் தெரியாமப் போட்டேன்னு மட்டும் எழுதித் தர மாட்டனுங்க."

"அப்பத் தெரிஞ்சா போட்டீங்க?" என்றார் வக்கீல்.

"போடறப்பப் பாதி தெரியுமுங்க. இப்ப முழுசாத் தெரியுமுங்க. சின்னத் தப்புக்கும் பெரிய தப்புக்கும் ஒரே தண்டனை குடுக்கறதுக்குப் பேரு அதுங்க. செவுத்துல நீங்க ஒட்டியிருக்கற அட்டவணையும் அப்படித்தானுங்க இருக்குது."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த வார்த்தைய இவங்களே அடிச்சுக் குடுத்தா நிர்வாகத்துக்குச் சம்மதமா?" என்று பவனைக் கேட்டார். பவன் மேலாளரோடு ஆங்கிலத்தில் பேசிவிட்டுத் தலையசைத்தான்.

மனு அவள் முன்னால் வந்தது. ஞானாபரணம் பேனாவை வாங்கி, கோடிட்ட சொல்லின் மேல் அழுத்தி ஒரு கோடு போட்டாள். இன்னொரு கோடும் போட்டாள். ஆனால் பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"எடுத்தாச்சுங்க. இப்ப அந்த எடம் காலியாக் கெடக்குதுங்க. அங்க வேற ஒண்ணு எழுதோணுங்க. இல்லாட்டி நாங்க எதுக்கு மனுக் குடுத்தோம்னே அதுல இருக்காதுங்க."

"அம்மா" என்றாள் ஜெனிஷா மெதுவாக. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பேரு எழுத மாட்டேன் கண்ணு."

ஓரத்து வெற்றிடத்தில், குண்டு குண்டான மிஷன் பள்ளி எழுத்தில் அவள் தமிழில் எழுதினாள். எழுதுவதற்கு நேரமானது. எழுதி முடித்ததும் வக்கீல் எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு முதலாளியிடம் நீட்டினார். அவர் கையைத் தூர நீட்டி வைத்துக்கொண்டு, புதிதாகப் படிக்கக் கற்ற பிள்ளையைப் போல வாய்விட்டே படித்தார்.

"வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அட்டை இரண்டும் வெளியே இருந்ததால் எங்களில் ஒரு பெண் நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டாள். இரண்டு முறை கேட்டும் விடவில்லை. வெளியே போக வெட்கப்பட்டு, ஷிப்டு முடியும் வரை மூன்று மணி நேரம் அந்த ஈரச் சேலையோடு நூல் ஒட்டினாள். அன்று அவள் ஃபிரேமில் உற்பத்தி குறையவில்லை."

மனிதவள மேலாளர் என்னவென்று கேட்டார். பவன் சொல்லவில்லை. வக்கீல் ஜெனிஷாவைக் காட்டினார். அவள் எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் வகுப்பில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற சின்னச் சின்ன வார்த்தைகளே அதற்குப் போதுமாக இருந்தன. சொல்லச் சொல்ல மேலாளர் தன் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"யாரம்மா அது?" என்று கேட்டார் முதலாளி.

"பேரு சொல்ல மாட்டனுங்க."

"இங்கயேவா? நம்ம மில்லுலயா?"

"ஆமாங்க."

அவர் தாளை மேஜையில் வைத்துவிட்டு, கைத்தடியை ஊன்றி எழுந்தார். கதவு வரை போனவர், அங்கே நின்று, "எனக்கு அந்த இங்கிலீசு வார்த்தைக்குத்தான் கோவம் வந்துது" என்று பொதுவாகச் சொன்னார். பிறகு படியிறங்கிப் போனார்.

*

வெள்ளிக்கிழமை காலை ஸ்பின்னிங் பிரிவில் சிவப்பு அட்டைகள் தொங்கிய ஆணி மட்டும்தான் இருந்தது. யாரும் எதையும் அறிவிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அட்டவணையையும் கழற்றிவிட்டார்கள்.

ஞானாபரணத்துக்கு இன்னொரு தபால் வந்தது. இடைநீக்கம் ரத்து. ஒழுங்கீனத்துக்காக எச்சரிக்கை. நிர்வாக வசதிக்காகக் கழிவுப் பஞ்சுப் பிரிவுக்கு மாற்றம். அது மில்லின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகை. எல்லாப் பிரிவிலிருந்தும் கூட்டி அள்ளி வரும் பஞ்சைத் தரம் பிரித்து மூட்டை கட்ட வேண்டும். அவளையும் சேர்த்து மூன்று பேர். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் பஞ்சாக வந்தது.

"வேலை இருக்குதில்ல. அது போதும்" என்றார் ஆசீர்வாதம். அடுத்த சனிக்கிழமை ஒரு டஜன் முகமூடி வாங்கி வந்து அவள் டிபன் பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவளுக்கு உறுத்தியது பஞ்சு அல்ல. பெயர் எழுதாததில் எந்தப் பிரயோசனமும் இல்லாமல் போயிருந்தது. வைகாசிச் செவ்வாய்க்கிழமை முதல் ஷிப்டில் யார் யார் இருந்தார்கள் என்று கூட்டிக் கழித்துப் பார்க்கப் பெண்களுக்கு ஒரு சாப்பாட்டு வேளை போதுமாக இருந்தது. அன்றைக்கு வேறொருத்தியின் ஏப்ரனைப் பின்பக்கமாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறியவளைச் சிலர் பார்த்திருந்தார்கள். யாரும் கேலி செய்யவில்லை. பரிதாபப்பட்டார்கள். பழனாத்தாளுக்கு அதுதான் தாங்கவில்லை. பஸ்ஸில் ஞானாபரணத்தைக் கண்டால் முன்பக்கம் போய் நின்றுகொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானாபரணம் வெள்ளியங்காட்டுக்கே போனாள். "ஊட்டுல இல்லைங்க" என்றார் பழனாத்தாளின் கணவர். படியோரத்தில் அவள் செருப்பு கிடந்தது. ஞானாபரணம் கொண்டுபோன கொய்யாப்பழத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள்.

"நான் எழுதியிருக்கக் கூடாதோ கண்ணு?" என்று ஜெனிஷாவிடம் கேட்டாள்.

"எழுதலைன்னா அட்டை போயிருக்காதும்மா."

"அது தெரியுது. நான் கேட்டது அது இல்லை."

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பழனாத்தாள் கழிவுப் பஞ்சுக் கொட்டகைக்கு வந்தாள். மற்ற இரண்டு பேரும் கைகழுவப் போயிருந்தார்கள். காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஞானாபரணம் ஒரு மூட்டையைத் தட்டி உட்கார இடம் காட்டினாள். பழனாத்தாள் உட்காரவில்லை.

"மேட்டுப்பாளையத்துக்காரங்க ஒண்ணும் சொல்லலைங்க" என்றாள். "ஆவணியில வெச்சுக்கலாம்னாங்க."

"நல்லதாப் போச்சு பழனா."

"பொண்ணோட சித்தி என்ற கையப் புடிச்சுட்டு அழுகறாங்க. அவங்களுக்கும் சக்கரையாமா. நீங்க நெம்பக் கஷ்டப்பட்டுப்போட்டீங்கன்னு சொல்லி அழுகறாங்க. சம்பந்திப் பேச்சுப் பேச வந்த எடத்துல, அத்தனை சனத்துக்கு முன்னால."

ஞானாபரணம் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினாள். "உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும். கேக்காம எழுதிப்போட்டேன்."

"நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"ஆமா."

"அந்த இங்கிலீசு வார்த்தையே இருந்திருக்கலாமுங்க அக்கா." பழனாத்தாள் குரலை உயர்த்தவில்லை. "அது ஒருத்தருக்கும் புரியலை. இது எல்லாத்துக்கும் புரிஞ்சுபோச்சு."

ஞானாபரணம் கையிலிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். தூரத்தில் சாப்பாட்டு நேரம் முடிவதற்கான மணி அடித்தது. பழனாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். ஃபிரேமுக்குப் போகிற பெண்கள் கூட்டமாகக் கிழக்கே ஓட, அவள் மட்டும் வளாகத்தைக் குறுக்காகக் கடந்து மறு கோடியில் இருந்த கழிப்பறைப் பக்கம் போனாள். எதிரே வந்த சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஒதுங்கி வழி விட்டான். பழனாத்தாள் அவனைப் பார்க்கவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. எதிர்க்காற்றில் நிதானமாக நடந்து போனாள்.